அண்ணன் உப்பு பார்த்த புதன்கிழமை

எனக்குச் சமையல் பிடிக்காது. பிடிக்காது என்றால் தெரியாது என்று அர்த்தமில்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே, வருகிற ஒவ்வொன்றையும் அளந்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு சதுரங்கப்பட்டினம் வந்து சேருகிறவளுக்குக் குழம்பு தனி, பொரியல் தனி, ரசம் தனி என்று நின்று ஆக்க என்ன தலையெழுத்து? எங்கள் வீட்டில் பாதி நாள் ஒரே சட்டிச் சாப்பாடுதான்.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். மாமல்லபுரம் போகிற வழியில் கடலை ஒட்டி இருக்கிற ஒரு ரிசார்ட்டில் சமையல்காரர் அவர். அங்கே நூறு பேருக்கு ஆக்குவார். வீட்டில் அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். வாயால் மட்டும் சமைப்பார்.

"சாஸேஜ வெட்டி வதக்கு. வூட்ல இன்னா காய் கீதோ எல்லாத்தையும் அதே சட்டில கொட்டு, மூடு. அவ்ளோதாம்மே. வெள்ளக்காரன் இதப் போயி கத்தி, முள்ளு வெச்சி ஒக்காந்து துண்றான்."

முதல் தடவை அவர் சொன்னபடி உப்பும் மிளகுத்தூளும் மட்டும் போட்டுச் செய்தேன். என் பெண் ஒரு வாய் வைத்துவிட்டு, "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். அடுத்த தடவை எண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, பூண்டு தட்டிப் போட்டு, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளைத் தூவினேன். வெள்ளைக்காரன் தின்றால் கண்ணில் தண்ணீர் வரும். என் பெண் தட்டை வழித்தாள். அன்றிலிருந்து அரைத்த கறியைக் குழாய் மாதிரி அடைத்து விற்கிற கோழி சாஸேஜ் இரண்டு பாக்கெட் எப்போதும் பிரிட்ஜில் இருக்கும்.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது செங்கல்பட்டைத் தாண்டி உள்ளே இருக்கிற ஓர் ஊரில். எங்களுக்கு நிலம் உண்டு. என் வீட்டுக்காரர் பிறந்ததும் அதே ஊர்தான், ஆனால் ஊருக்கு வெளியே, சர்ச் இருக்கிற பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். இதற்கு மேல் நான் விளக்கினால் உங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போகிறேன்? கல்யாணம் செய்துகொண்டோம். என் அம்மா என்னைத் தலைமுழுகிவிட்டாள். இரண்டு வருடம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காக்காய்கூட வரவில்லை. பெண் பிறந்த பிறகு அண்ணன் வந்தான்.

அவன் மினி லாரி ஓட்டுகிறான், விவசாயமும் பார்க்கிறான். இந்தப் பக்கம் சுமை வரும்போதெல்லாம், மாதத்துக்கு ஒருமுறையாவது, எங்கள் வீட்டுக்கு வருவான். நான் காலை ஷிப்டில் இருக்கிற வாரமாகப் பார்த்து, சரியாகச் சாயந்திரம் ஐந்து மணிக்கு வருவான். நிலத்தில் விளைந்த கத்திரிக்காயோ வெண்டைக்காயோ ஒரு பை நிறைய எடுத்து வருவான். என் பெண்ணுக்குத் துணி எடுத்து வருவான். கூடவே ஒரு பெரிய பாட்டில் கூல்டிரிங்க்ஸ், மூடி திறக்காமல். அதைத் திறந்து அவனும் குடித்து எங்களுக்கும் கொடுப்பான். ஆறரை மணிக்கு முன்னால் கிளம்பிவிடுவான்.

ஐந்து மணி ஏன் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமிருக்கும். சாப்பிடு என்று நானும் சொல்ல வேண்டியதில்லை, வேண்டாம் என்று அவனும் சொல்ல வேண்டியதில்லை. நாகரிகமான ஆள்! நான் விடாமல் சாப்பிடச் சொன்ன நாட்களில் அவனிடம் ஒரு சாக்கு தயாராக இருக்கும். "இப்பதாம்மா துண்ணுட்டு வந்தேன்." "வவுறு சரியில்ல." "இன்னிக்கு கிருத்திக." ஆரம்பத்தில் நான் பைத்தியக்காரி மாதிரி பிரியாணி செய்வேன், மீன் வறுப்பேன், பாயசம் வைப்பேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வாசன தூக்குது" என்று பாராட்டிவிட்டு, கிளம்பிப் போய்விடுவான்.

"உங்க அண்ணனோட வவுத்துக்கு ஒரு டைம்டேபிள் கீதும்மே," என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். அவர் சின்ன வயதிலிருந்து சிரித்துப் பழகின சிரிப்பு அது. நான் அப்படிச் சிரிக்கப் பழகவில்லை. எனக்கு எரிச்சல்தான் வரும்.

பதினொரு வருடம். என் அண்ணன் என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவன் பாசமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, பாசம் அவனுக்கு நிறையவே உண்டு. பாசத்தை மூட்டை கட்டி லாரியில் கொண்டுவருகிறவன் என் தட்டில் கைவைக்க மாட்டான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கேவலமாக இருக்கும்.

போன வருடம் ஒரு புதன்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு வந்தான், கத்திரிக்காய்ப் பையைக் கொடுத்தான், கூல்டிரிங்க்ஸ் குடித்தான், ஆறேகாலுக்குக் கிளம்பிப் போனான். ஐந்து நிமிடத்தில் மாடிப்படியில் மறுபடியும் அவன் செருப்புச் சத்தம்.

"வண்டி ஸ்டார்ட் ஆவல."

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறேன் என்றானாம். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று ஏழு மணி வரை வரவில்லை. மறுபடி போன் பண்ணினால், "வந்துகினே கீறேன் அண்ணாத்த" என்கிறான். வந்துகொண்டே இருக்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவி ஓடவில்லை.

என் பெண் பசிக்கிறது என்றாள். வீட்டுக்காரருக்கு அன்று சாயந்திர டூட்டி. போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணனுக்கு ஓட்டல்லந்து பரோட்டா வாங்கிக் குடுத்துடு. இன்னாத்துக்கு பேஜாரு?"

"ஏன், என் வூட்டு அடுப்பு செத்தா கெடக்குது?" என்று போனை வைத்துவிட்டேன்.

ஆனாலும் விருந்து செய்யவில்லை. விருந்தெல்லாம் செய்து பார்த்து முடிந்த கதை. அவன் சாப்பிடப் போவதில்லை, எனக்கும் பெண்ணுக்கும்தானே என்று நினைத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்து சாஸேஜ் பாக்கெட்டை எடுத்தேன். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், பாதி குடைமிளகாய், அண்ணன் கொண்டுவந்த கத்திரிக்காய் நாலு. அகலமான இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

கத்திரிக்காயை நீளநீளமாக அரிந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் அண்ணன் நின்றான். அந்த வாசல் வரை அவன் வந்ததே அன்றுதான் முதல் தடவை.

"இன்னாடி அது அறுக்குற அறுப்பு? தண்ணில போடாம அப்டியே வெச்சிகினு கீற? கறுத்துப்போவுது பாரு."

"நீ வேணா அறு."

கோபத்தில் சொன்னதுதான். அவன் நிஜமாகவே கத்தியை வாங்கிக்கொண்டான். தன் நிலத்துக் கத்திரிக்காய் யார் கையிலும் வீணாகப் போவதை அவனால் பார்க்க முடியாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, காம்பைக் கிள்ளி, ஒவ்வொன்றையும் நாலாகப் பிளந்து தண்ணீரில் போட்டான். அப்படியே உருளைக்கிழங்கையும் எடுத்துக்கொண்டான். நான் சாஸேஜ் பாக்கெட்டைப் பிரித்தேன்.

"இன்னாது இது? ரேடியேட்டர் ஓஸ் மாறி கீது."

"சாஸேஜ்."

உருளைக்கிழங்கின் தோலைச் சீவினான். பிறகு உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இது எதோட கறி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினொரு வருடமாக அவன் நாக்கு நுனியில் இருந்த கேள்வி அது. பாக்கெட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கோழிப் படம் போட்டிருந்தது.

"கோழி. பாத்துக்க. அதோட இன்னொண்ணும் கேட்டுக்க. உங்க வூட்டு மாறி மீனுக்கு ஒரு சட்டி, கோழிக்கு ஒரு சட்டின்னு இங்க கெடையாது. இந்த ஒரு சட்டிதான். ஞாயித்துக்கெழம இதுல இன்னா வேவும்னு நீ கேக்கவே வேணாம், உனுக்கே தெரியும். மாட்டுக்கறிதான். நானும் துண்றேன், எம்பொண்ணும் துண்றா."

சொல்லிவிட்டேன். இனிமேல் இவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வராவிட்டால் போகட்டும், இந்த ஐந்து மணி நாடகம் எத்தனை நாளைக்கு என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன், இரண்டும் உண்மைதான்.

அண்ணன் உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக, ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தான். அளவு பார்க்கிற வேலையில் இருக்கிறவள் சொல்கிறேன், ஒரு துண்டுகூடப் பெரிசு சிறிசு கிடையாது.

பேச ஒன்றும் இல்லாததால் சமைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் சாஸேஜைச் சாய்வாக வெட்டிப் போட்டேன். ஓரம் சிவந்து, கொழுப்பு பிரிந்து எண்ணெயோடு சேருகிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் வேகுமே தவிர சிவக்காது. சிவந்ததும் சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, நடுவில் சோம்பு, கறிவேப்பிலை, தட்டின பூண்டு, வெங்காயம். பிறகு உருளைக்கிழங்கும் கேரட்டும். ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன். அது பாதி வெந்ததும் கத்திரிக்காய், மிளகாய்த்தூள், உப்பு. கடைசியில் குடைமிளகாய், அது நறுக்கென்று இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்கப் புகையும் வாசனையுமாக இருந்தது.

அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. சமைக்கிறவள் பக்கத்தில் நிற்கிறவரிடம் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். கரண்டியில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டும் கொஞ்சம் மசாலாவும் எடுத்து, "உப்பு பாரு" என்று நீட்டினேன்.

அவனும் யோசிக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினான். நான் வைத்தேன். ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டான்.

"கம்மி," என்றான். "ஒரு சிட்டிக போடு."

உப்பை எடுக்கத் திரும்பினபோதுதான் எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. உப்பு பார்ப்பது சாப்பாட்டில் சேராது என்று அவன் சொல்லலாம். சேராதுதான். நான் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறிவிட்டு, அடுப்பை அணைத்து, ஒன்றும் கேட்காமல் மூன்று தட்டு வைத்தேன். பிரெட் இருந்தது, தட்டுக்கு இரண்டாக வைத்தேன்.

அவன் கை கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தான். மூன்றாவது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "மாமா, ஒனக்கு காரமா கீதா?" என்று என் பெண் கேட்டதற்கு, "இன்னா காரம்? உங்கம்மா வாய வுடவா?" என்றான். சாப்பிட்டான். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். நான் என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். வெட்கமாக இருந்ததால் காரம் என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவன் தட்டு காலியாகிற நேரத்தில் போன் அடித்தது. அண்ணி. வலது கை எச்சில் என்பதால் இடது கையால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க கீற? நேரம் இன்னா ஆவுது?"

"வண்டி நின்னுப்போச்சி. மெக்கானிக் வந்துகினு கீறான்."

"துண்ணியா?"

அண்ணன் தட்டைப் பார்த்தான்.

"ம். ஓட்டல்ல துண்ணுட்டேன்."

என் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பதினொரு வயது, எல்லாம் புரியும். அவள் அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சட்டியைக் கையில் எடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, மசாலா மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் அதைத் தட்டினேன். போனுக்கு நன்றாகக் கேட்கும்படி, குரலில் தேன் வழிய, "அண்ணா, இன்னும் ரெண்டு துண்டு வெக்கட்டா? தட்டு காலியா கீதே!" என்றேன்.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"யாரு அது?" என்றாள் அண்ணி. "உன் தங்கச்சியா?"

"ஆமா."

"அங்கியா துண்ண?"

அவன் அப்போதும் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சாக்குக்கா பஞ்சம்? பதினொரு வருடம் சொன்னவன்.

"ஆமா."

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "சரி. அத்தகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயும் ஒளறி வெக்காத. பாத்து வா," என்று வைத்துவிட்டாள். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"உனுக்கு இன்னிவரிக்கும் வாய் அடங்கலடி," என்றான் அண்ணன்.

"நான் இன்னா ஓட்டலா வெச்சிகினு கீறேன்? சொல்லு. எங்கியாவது போர்டு மாட்டிகீதா?" சட்டியைக் கீழே வைத்தேன். "வெறும் கூல்டிரிங்க்ஸோட போயிருக்கலாம் நீ. துண்ணுட்டு இல்லன்னு சொல்றதுக்கு, துண்ணாமலே போயிருக்கலாம்."

நான் தட்டுகளை அடுக்கினேன். அவனுடைய தட்டை எடுக்கக் கை நீட்டினபோது, அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு துண்டுன்னியே. எங்க?"

"இல்ல. தீந்துப்போச்சி. அவளுக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன்."

சட்டியை எட்டிப் பார்த்தான். அடியில் மசாலா தீய்ந்து, ஓரமெல்லாம் எண்ணெய் மினுக்கிக்கொண்டிருந்தது.

"சோறு கீதா?"

"கார்த்தால வடிச்சது கொஞ்சம் கீது."

"அதுல போட்டுப் பெரட்டு."

கறி வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்பது சொந்த வீட்டில்தான் நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விருந்தாளி அதைக் கேட்க மாட்டான், விருந்தாளிக்கு அதை யாரும் கொடுக்கவும் மாட்டார்கள். நான் சோற்றைக் கொட்டினேன். தட்டில் எடுத்து வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சட்டியையே வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு, அடியைச் சுரண்டி, கையாலேயே பிரட்டி, அதிலேயே சாப்பிட ஆரம்பித்தான். தலையை நிமிர்த்தவில்லை.

கீழே தெருவில் பைக் சத்தம். யாரோ ஆரன் அடித்து, "அண்ணாத்த! யார்து அந்த வண்டி? மெக்கானிக் வந்துகீறேன்!" என்று கத்தினான். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினான். அண்ணன் வாய் நிறையச் சோறு.

"போயி சொல்லு," என்றான்.

"இன்னான்னு?"

முழுங்கிவிட்டுத்தான் சொன்னான்.

"துண்ணுகினு கீறேன்னு சொல்லு. தங்கச்சி வூட்ல துண்ணுகினு கீறேன், முடிச்சிட்டு வரேன், இருன்னு சொல்லு."

நான் வெளியே போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி அப்படியே சொன்னேன்.